சென்னை – யாழ்ப்பாணம்: தூரம் பாதி, பறக்குற நேரம் மட்டும் ஏன் கொழும்பு அளவு?

3 மே 2025, வாசகர் கேள்வி, கொக்குவில்

சென்னையில இருந்து கொழும்புக்குப் பறக்கிற நேரமும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கிற நேரமும் டிக்கெட்டில கிட்டத்தட்ட ஒண்டாத்தான் கிடக்கு. மேப்பில பாத்தா யாழ்ப்பாணம் பாதித் தூரம்தானே? பிளேன் எங்கயும் சுத்திப் போகுதோ? இல்லாட்டி நேரத்தைக் கூட்டிப் போடுறாங்களோ? ஆருக்கும் தெரிஞ்சாச் சொல்லுங்கோ.

3 மே, இரவு

சுத்திப் போகல அண்ணா. மேப்புல மீனம்பாக்கத்துல ஒரு புள்ளி, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியில ஒரு புள்ளி வெச்சுக் கோடு போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட நேர் தெற்கா வரும். ரெண்டுமே 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டித்தான் இருக்கு. மீனம்பாக்கம் 13 பாகை வடக்கு, பலாலி 9.8. நடுவுல சுமார் 355 கிலோமீட்டர். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவுக்குச் சுமார் 645. நீங்க சொன்ன மாதிரி பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

விஷயம் எந்த பிளேன்ங்கிறதுல இருக்கு. கொழும்புக்குப் போறது ஏர்பஸ் 320 மாதிரி ஜெட், மேல ஏறி நிலைக்கு வந்ததும் மணிக்கு 830 கிலோமீட்டர் கிட்ட ஓடும். யாழ்ப்பாணம் போறது ஏடிஆர் 72, ரெண்டு இறக்கையிலயும் காத்தாடி சுத்துற டர்போபிராப், அது மணிக்கு 500ஐ ஒட்டித்தான். 355ஐ 500ஆல வகுத்தா 43 நிமிஷம். 645ஐ 830ஆல வகுத்தா 47 நிமிஷம். ரெண்டுலயும் கிளம்புறதுக்கு உருள்றது, ஏறுறது, வளைஞ்சு இறங்குறது எல்லாம் சேத்து அரை மணி நேரம் போடுங்க, ஒண்ணேகால் மணி கிட்ட வந்து நிக்கும். டிக்கெட்ல அச்சடிச்சிருக்கிறதும் அதைச் சுத்தித்தான்.

4 மே

காலையில ரெண்டு பேர் ‘அரை மணி நேரம் எங்க போகுது, சும்மா சொல்லாதீங்க’ன்னு எழுதியிருக்காங்க. டிக்கெட்ல இருக்கிற நேரம் பறக்குற நேரம் கிடையாதுங்க. நிறுத்தின இடத்துல இருந்து சக்கரம் நகர்ற நிமிஷத்துல ஆரம்பிச்சு அந்தப் பக்கம் போய் நிக்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. சென்னையில காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிரா ஏறணும், மேற்கால ஏறுச்சுன்னா கொஞ்ச தூரம் மேற்க போயிட்டுத்தான் தெற்க திரும்பும், கிழக்கால ஏறினா கடலுக்குப் போய் வலது பக்கம் வளையும். முன்னாடி நாலு பிளேன் வரிசையில நின்னா அதுவும் நம்ம கணக்குலதான் ஏறும். கம்பெனிக்காரங்க இதையெல்லாம் நெனச்சுக் கொஞ்சம் தாராளமாவே நேரம் போடுவாங்க, அதனாலதான் சில நாள் ‘பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்’னு அறிவிப்பு வருது.

சென்னை–பெங்களூரை எடுத்துக்கங்க. நேர்கோட்டுல 300 கிலோமீட்டருக்கும் கம்மி, ஜெட்டுதான் போகுது, அதுக்கும் டிக்கெட்ல ஒரு மணி நேரம் போட்டிருக்கும். காத்துல இருக்கிறது நாப்பது நிமிஷம் கூட இருக்காது. குறுகின தூரத்துல வேகம் ஒரு பெரிய விஷயமே இல்ல, ஏறி முடிச்சு ஜூஸ் வண்டி வந்ததும் இறங்க ஆரம்பிச்சிடுவான்.

6 மே

‘அப்ப பலாலி ரன்வேயை நீட்டி ஜெட்டை விட வேண்டியதுதானே’ன்னு நேத்து ஒருத்தர் போட்ட பதிவுக்கு நெறைய கைதட்டல் விழுந்திருக்கு. எனக்கு இதுல பலமான அபிப்பிராயம் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

பலாலி ரன்வே சின்னது, அதான் அங்க ஏடிஆர் மட்டும் வருது. 2019 நவம்பர் 11 அன்னைக்கு சேவை ஆரம்பிச்ச அலையன்ஸ் ஏரும் ஏடிஆர், 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்ச இண்டிகோவும் ஏடிஆர். ரன்வேயை நீட்டி 320ஐ இறக்கினா என்ன மிச்சம்? 355 கிலோமீட்டருக்கு ஜெட்டும் ஒரு மணி நேரம் போடும். ஆக மொத்தம் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்கு விலை, பலாலியைச் சுத்தி இருக்கிற வலிகாமம் வடக்கு சனங்களோட காணி. உயர் பாதுகாப்பு வலயம்னு சொல்லி ராணுவம் எடுத்த நிலத்துக்காக 1990ல இருந்து காத்திட்டிருக்கிறவங்க இன்னும் அங்க இருக்காங்க. என் மனைவி வழியில ஒரு சித்தப்பா வீடு வேலிக்கு அந்தப் பக்கம், அவர் அதை ஒரு தடவை திரும்பிப் பாக்காமலே போய்ச் சேந்துட்டார். அதனால ‘நீட்டிட்டாப் போச்சு’ன்னு யாராவது சாதாரணமா எழுதினா எனக்கு மனசு கொதிக்குது.

பெரிய பிளேன் வந்தா வேற லாபம் உண்டு, மறுக்கல. சீட்டு ரெண்டு மடங்குக்கு மேல ஆகும் (இண்டிகோ ஏடிஆர்ல 78 சீட்), லக்கேஜ் கூடக் கொண்டுபோகலாம், டிக்கெட் விலை இறங்கலாம். இதுக்காக நீட்டணும்னு வாதாடுங்க, அதுல பேச இடமிருக்கு. நேரத்துக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. நேரத்தைக் குறைக்கணும்னா காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஏடிஆரையே கூட விடட்டும், ஒரு பிளேனைத் தவறவிட்டவன் மறுநாள் மதியம் வரைக்கும் ஓட்டல்ல உக்காந்திருக்கிற நேரத்துக்கு முன்னால அந்தக் கால் மணி நேரம் ஒண்ணுமே இல்ல.

6 மே, கொஞ்சம் கழிச்சு

ஏடிஆர்னா பழசு, ஆபத்துன்னு நினைக்கிறவங்களுக்கு: காத்தாடி இருக்கிறதால அது பழைய பிளேன் ஆயிடாது. உள்ள இருக்கிறது ஜெட் எஞ்சின் மாதிரியே டர்பைன், அது காத்தாடியைச் சுத்துது. 500 கிலோமீட்டருக்கு உள்ள இருக்கிற தூரத்துக்கு எண்ணெய்ச் செலவு ஜெட்டை விட நல்லாவே கம்மி. அது இல்லேன்னா இந்த ரூட்டே ஓடாது.

9 மே

ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்குப் போட்டேன், உங்களுக்கும் பிடிக்கும்னு நெனைக்கிறேன். ஏர் சிலோன் தன்னோட முதல் சேவையை ஆரம்பிச்சது 1947 டிசம்பர் 10. கொழும்புப் பக்கத்து ரத்மலானையில கிளம்பி, காங்கேசன்துறைன்னு அப்ப சொன்ன பலாலியில இறங்கி, அங்கிருந்து மெட்ராஸ். பிளேன் டிசி-3 டகோட்டா. அந்த நிலையமே ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. சிலோனோட தேசிய விமான சேவை வெளிநாட்டுக்குப் போன முதல் வழியே யாழ்ப்பாணம் வழியாத்தான், இது எத்தனை பேருக்குத் தெரியும்?

டகோட்டா நிதானமாப் பறந்தா மணிக்கு 270, 300 கிலோமீட்டர். அப்ப யாழ்ப்பாணம்–மெட்ராஸ் ஏறி இறங்குறதோட சேத்து ஒண்ணேமுக்கால் மணி நேரம் கிட்ட வரும். இப்ப ஒண்ணேகால். முக்கால் நூற்றாண்டுக்கும் மேல ஆகியும் அரை மணி நேரம்தான் குறைஞ்சிருக்கு. ஆனா நடுவுல பல வருஷம் இந்த நேரம் ஒண்ணேகாலும் இல்ல ஒண்ணேமுக்காலும் இல்ல, ஒரு முழு நாள். அதை இன்னொரு நாள் எழுதுறேன்.

10 மே

ஒருத்தர் கேட்டது: ‘முன்னாடி இலங்கைக்கு அரை மணி நேர வித்தியாசம் இருந்துச்சே, அதனால குழப்பமா?’ இப்ப வித்தியாசம் இல்ல. 1996ல கடிகாரத்தை முன்னால தள்ளினாங்க, முதல்ல ஒரு மணி, அப்புறம் அரை மணி, 2006 ஏப்ரல்ல திரும்ப நம்ம நேரத்துக்கே வந்துட்டாங்க. டிக்கெட்ல கிளம்புற நேரத்தையும் சேர்ற நேரத்தையும் நேராவே கழிக்கலாம்.

15 மே

சொன்னேன்ல, அந்த முழு நாளைப் பத்தி.

எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல பலாலிக்குச் சென்னையில இருந்து எதுவும் கிடையாது. மாமி யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்ல, நாங்க தாம்பரத்துல. நேர்கோட்டுல பாத்தா சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தை விடக் கம்மி. ஆனா போற வழி: வீட்டுல இருந்து நடு ராத்திரி கிளம்பி மீனம்பாக்கம், மூணு மணி நேரம் முன்னாடி கவுன்டர், விடியக்காலையில பிளேன், கட்டுநாயக்காவுல இறங்குறப்போ யாழ்ப்பாணத்தை ஏற்கெனவே முந்நூறு கிலோமீட்டர் தாண்டித் தெற்க வந்தாச்சு, அங்கிருந்து புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சின்னு வந்த தூரத்தை ரோட்டுல திரும்ப வடக்க ஏறணும், வேன்ல ஏழு எட்டு மணி நேரம், கைக்குழந்தையோட, யாழ்ப்பாணத்துக்குள்ள நுழையுற ஆனையிறவு வந்ததும் என் மனைவி எழுந்து உக்காந்துக்குவா, அதுக்கப்புறம் தூங்க மாட்டா, வீடு சேர்றப்போ மறுபடி இருட்டியிருக்கும். 355 கிலோமீட்டர் போறதுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. மாமனார் இறந்த செய்தி வந்த அன்னைக்கும் இதே வழிதான், எடுக்குற நேரத்துக்கு நாங்க வவுனியாவைக் கூடத் தாண்டல.

எங்க பாடு கூடப் பரவாயில்ல. அதுக்கு முன்னாடி இன்னும் மோசம். 2002ல யாழ்ப்பாணத்தைத் தெற்கோட சேர்க்கிற ஏ9 ரோட்டைத் திறந்தாங்க, 2006 ஆகஸ்ட்ல திரும்ப மூடிட்டாங்க, அப்ப யாழ்ப்பாணத்துல இருந்து கொழும்பு போகணும்னாலே ஒண்ணு பலாலியில இருந்து பிளேன், இல்லேன்னா காங்கேசன்துறையில கப்பல் ஏறித் திருகோணமலை. ரெண்டுக்கும் அனுமதி எடுக்கணும். மாமி அந்தக் கப்பல்ல வந்தவங்க. கேட்டா ‘கடல் அடிச்சது பெரிசில்ல, கிளியரன்ஸுக்கு நிண்டதுதான் களைப்பு’ம்பாங்க.

அதனால 2019 அக்டோபர் 17ல பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு திறந்தப்போ எங்க வீட்டுல பாயசம் வெச்சோம். 2020 மார்ச்ல கொரோனாவுல நின்னுச்சு, திரும்ப வந்தது 2022 டிசம்பர்ல. நின்ன அந்தக் காலத்துல மறுபடி பழைய சுத்து வழி.

கொக்குவில் அண்ணா கேட்ட கேள்விக்கு என் முழுப் பதில் இதுதான். ரெண்டு ஊருக்கு நடுவுல உள்ள நேரத்தைக் கிலோமீட்டரும் வேகமும் கொஞ்சம்தான் முடிவு பண்ணுது. வழி திறந்திருக்கா, வாரத்துல எத்தனை நாள் திறந்திருக்கு, யார் அனுமதிக்கணும், இதுதான் பெரும்பகுதி.

16 மே

படகு மெயிலை ஏன் விட்டீங்கன்னு ஒரு பெரியவர் கேட்டிருக்கார், நியாயம்தான் ஐயா. 1914ல பாம்பன் பாலம் வந்ததும் எழும்பூர்ல ஏறினா தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்க கப்பல், தலைமன்னார்ல அந்தப் பக்கத்து ரயில். யாழ்ப்பாணத்துக்காரங்க மதவாச்சி வரைக்கும் கீழ போய் வடக்குப் பாதை ரயிலுக்கு மாறணும். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, அதுக்கப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து கப்பல் 80கள் தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு. உங்க அப்பா அந்த டிக்கெட்டை வெச்சிருந்தார்னு எழுதியிருக்கீங்க, படம் எடுத்துப் போடுங்களேன், எல்லாரும் பாக்கட்டும்.

18 மே

லண்டன்ல இருந்து ஒரு அக்கா: ‘கொழும்பு போய் யாழ்ப்பாணம் போறதா, சென்னை போய்ப் போறதா?’

தூரம் மட்டும் பாத்தா: லண்டன்–சென்னை சுமார் 8,200 கிலோமீட்டர், லண்டன்–கொழும்பு சுமார் 8,700. சென்னை வழியா வந்தா 8,200ம் 355ம். கொழும்பு வழின்னா 8,700ம், அதுக்கு மேல ரோட்டுலயோ ரயில்லயோ ஏறக்குறைய 400ம். காகிதத்துல சென்னைதான் சுளுவு. ஆனா உங்க பிளேன் சென்னையில இறங்குற நேரமும் பலாலி பிளேன் கிளம்புற நேரமும் ஒட்டணும், ரெண்டும் வேற வேற டிக்கெட்னா பெட்டி தானா மாறாது, வெளிய எடுத்துத் திரும்பப் போடணும், அதுக்கு இந்திய விசா கையில இருக்கணும். இதையெல்லாம் புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. சென்னையில ரெண்டு நாள் தங்கி சேலை எடுக்கிற எண்ணம் இருந்தா இந்த வழி நல்லது. நேரா அம்மாவைப் பாக்கணும்னா கொழும்புல இறங்கி ரயில் ஏறிடுங்க. 1990ல நின்ன யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபர்ல திரும்ப வந்துச்சு, 2015 ஜனவரியில காங்கேசன்துறை வரைக்கும் நீட்டிட்டாங்க. குழந்தைங்களுக்கு வேனை விட ரயில் எவ்வளவோ மேல்.

திரும்பி லண்டன் போறப்போ நேரம் கூட எடுக்கும், அது மேல அடிக்குற மேற்குக் காத்தால. அந்த உயரத்துல காத்து மேற்கேருந்து கிழக்க ஓடுறதால வர்றப்போ தள்ளிவிடும், போறப்போ தடுக்கும்.

19 மே

அதைப் படிச்சுட்டு ‘அப்ப யாழ்ப்பாணம் போறப்போ ஒரு நேரம் வர்றப்போ ஒரு நேரமா’ன்னு கேக்குறாங்க. இங்க அந்த வித்தியாசம் தெரியாது, ஏன்னா நம்ம ரூட் வடக்கு தெற்கு. காத்து பெரும்பாலும் பக்கவாட்டுலதான் படும். ஆனா ஐப்பசி, கார்த்திகையில மழை மேகம் சுத்தி நிக்கும், ஏடிஆர் 25,000 அடிக்கு மேல ஏறாது, பெரிய இடி மேகத்துக்கு மேல போய்த் தப்பிக்க முடியாது, சுத்திப் போகும் இல்லேன்னா குலுங்கும். அந்த மாசத்துல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா வயித்தைக் காலியா வைக்காதீங்க, நிறைச்சும் வைக்காதீங்க.

25 மே

திருச்சியில இருந்து எவ்வளவு நேரம்னு கேட்ட தம்பி, உன் ஊர்ல இருந்து பலாலி நேர்கோட்டுல வெறும் 185 கிலோமீட்டர் கிட்டத்தான். மார்ச் கடைசியில இண்டிகோ ஆரம்பிச்சாங்க, டிக்கெட்ல ஒரு மணி நேரம் போட்டிருக்கு. தூரம் சென்னையில பாதி, நேரம் கால் மணிதான் கம்மி, 4ஆம் தேதி எழுதின அதே காரணம். காத்துல நிஜமாப் போறது அரை மணிக்குக் கொஞ்சம் மேல இருக்கும்.

என்னைக் கேட்டா மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரங்க எல்லாரும் இனி சென்னைக்கு வரவே வேண்டாம். திருச்சி நிலையம் புது டெர்மினலோட நல்லா இருக்கு, கூட்டமும் சென்னை அளவு கிடையாது. இந்த சேவை நெலைக்கணும்னா ஆள் ஏறணும், ஆள் ஏறலேன்னா ஒரு சீசன்ல நிறுத்திடுவாங்க. தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க.

2 ஜூன்

கப்பலைப் பத்திக் கேட்டவங்களுக்குச் சுருக்கமா. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை, ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம் கிட்ட. 2023 அக்டோபர் 14ல செரியாபாணின்னு ஒரு கப்பல் ஆரம்பிச்சுச்சு, கொஞ்ச நாள்ல நின்னுச்சு, 2024 ஆகஸ்ட்ல சிவகங்கைன்னு வேற கப்பல் வந்துச்சு. மழைக்காலத்துல கடல் விடாது. சென்னைக்காரங்களுக்கு நாகைக்கே ராத்திரிப் பயணம், அதனால நேரம் பாத்தா பிளேன். தஞ்சை, நாகை ஆளுங்களுக்கும், பெரிய லக்கேஜோட போறவங்களுக்கும் கப்பல்.

14 ஜூன்

போன வாரம் மாமியைக் கூட்டிட்டு வரப் போயிருந்தேன், ரெண்டு பக்கமும் நேரத்தைக் கவனிச்சேன், ஏன்னா இங்க இவ்வளவு பேசிட்டோம். சக்கரம் தரையை விட்டதுல இருந்து பலாலியில தொட்ட வரைக்கும் ஐம்பது நிமிஷத்தை ஒட்டி. ஆனா தாம்பரத்து வீட்டுக் கதவைப் பூட்டினதுல இருந்து கோண்டாவில் கேட்டைத் திறந்த வரைக்கும் ஆறு மணி நேரம். அதுல பாதிக்கு மேல சென்னை நிலையத்துக்குள்ளயே போச்சு, கவுன்டர், குடியகல்வு, செக்கிங், காத்திருப்பு. பலாலியில ஒரே பிளேன் கூட்டம்ங்கிறதால சீக்கிரம் வெளிய விட்டுட்டாங்க. நேரம் மிச்சம் பண்ணணும்னா எங்க கை வைக்கணும்னு இதுலயே தெரியுது. இவ்வளவு குறுகின ரூட்டுக்குத் தனி வரிசை ஒண்ணு சென்னையில போட்டாலே ரன்வே நீட்டுறதை விட அதிக நேரம் மிஞ்சும்.

ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டிருந்தாங்க: போறப்போ வலது, வர்றப்போ இடது. ஏடிஆருக்கு இறக்கை மேல இருக்கிறதால கீழ மறைக்காது. வானம் தெளிவா இருந்தா பாண்டிச்சேரி, கடலூர்க் கரை தூரத்துல தெரியும், கடைசியா கோடியக்கரை மூக்கு. அதைத் தாண்டி கடல்ல அம்பது அறுவது கிலோமீட்டர்தான், உடனே யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் பனையும் வந்துடும்.

15 ஜூன்

முழங்கால் வலி உள்ளவங்களை ஏடிஆர்ல ஏத்தலாமான்னு ரெண்டு பேர் தனியாக் கேட்டாங்க, எல்லாருக்கும் உதவும்னு இங்கயே போடுறேன். ஏடிஆர் தரைக்குக் கிட்டத்துல இருக்கிற பிளேன், ஏறுற கதவு பின்னாடி, அதோட படி நாலஞ்சுதான் இருக்கும், ஜெட்டுக்கு வைக்கிற உயரப் படி மாதிரி கிடையாது. மாமி கைப்பிடியைப் புடிச்சுத் தானே ஏறிட்டாங்க. கஷ்டம் படியில இல்ல, சென்னையில கேட்டுல இருந்து பிளேன் வரைக்கும் பஸ்ல நிக்கிறதுலயும் உள்ள நடக்குற தூரத்துலயும்தான். அதனால வீல்சேரை டிக்கெட் போடுறப்பவே கேட்டுடுங்க, கவுன்டர்ல போய்க் கேட்டா ஆள் வர நேரமாகும். சீட்டு பின்வரிசையில எடுங்க, கதவு பக்கம், காத்தாடிச் சத்தமும் முன்னாடியை விடக் கம்மி. மருந்துப் பையைக் கையிலயே வெச்சுக்கங்க, மேல இருக்கிற லக்கேஜ் பெட்டி சின்னது, கொஞ்சம் பெரிய கைப்பையா இருந்தாலும் வாங்கிக் கீழ போட்டுடுவாங்க.